இடப்பக்கம் ஒருக்களித்து

5-4-1936, ஞாயிறு

சிட்டு,

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. பாசாரில் மசாலாக் கடையைக் கட்டிவிட்டுப் பத்து மணிக்கே வந்துவிட்டேன். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் மிளகாய் மிச்சம் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். நெஞ்சுச் சத்தம் கேட்கிற மரக்குழலைத் துடைத்தேன். பாயை விரித்தேன். இந்த நோட்டை எடுத்துத் தேதியும் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, குழலை வைக்க நெஞ்சு இல்லை என்று.

நீ போய் இருபத்தாறு நாள், தம்பி. என் கைக்கு இன்னும் தெரியவில்லை.

ஒன்பது வருஷமாக இந்த நோட்டில் உன் நெஞ்சைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. சிங்கப்பூரில் டாக்டர் படிப்பு முடித்து வந்த மறுமாதம் வாங்கிக் கொடுத்தாய். "என் காதை நான் நம்ப மாட்டேன்க்கா. அது பயந்த காது. நீ கேளு. தேதி போடு. கேட்டதை எழுது, கேக்காததை எழுதாதே." இரண்டாம் வகுப்போடு நின்றவளிடம் போய் ஆராய்ச்சி பண்ணச் சொல்கிறாயே என்று சிரித்தேன். எப்படிக் கேட்பது என்று காட்ட, முதலில் என்னைப் படுக்கவைத்து என் நெஞ்சில் குழலை வைத்தாய். அதை நான் மிளகாய்க் கையோடு தொட்டிருந்தேன். "காது எரியுதுக்கா! இது குழலா, மீன் கறியா?" என்று குதித்தாய். கண்ணெல்லாம் தண்ணீர். அன்று முழுக்க நீ சரியாகப் பேசவில்லை. காது எரிச்சல் என்று நினைத்தேன்.

பிறகு நீ இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாய். என் உள்ளங்கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்தாய். உள்ளே ஒரு பூனை உறுமியது. சீமைப் புத்தகத்திலேயே அதைப் பூனை என்றுதான் போட்டிருக்கிறதாம். அதிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயரே பூனைதான்.

கடைசியாக எழுதியது போன மாதம். "1-3-1936. பூனை தாளம் தப்பி ஓடுகிறது. உட்காரவே மாட்டேன் என்கிறது."

இன்றைக்கு என்ன எழுத? கேட்காததை எழுதக்கூடாது.

13-4-1936

வருஷப் பிறப்பு. மாங்காய் வாங்கினேன். பச்சடி செய்யவில்லை.

19-4-1936

ஆஸ்பத்திரியில் உன்கூட வேலை பார்த்த டிரெஸ்ஸர் அப்துல் ரசாக் வந்தார். நீ போன அன்று அவர் அலோர் ஸ்டாரில் மச்சான் கல்யாணத்தில் இருந்தாராம். உன் பெட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதில் உன் ரப்பர் குழல், இரண்டு சட்டை, நீ வரைந்த படங்கள். உன் பெரிய பதிவுப் புத்தகத்தை மட்டும் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் பெரிய துரை எடுத்து வைத்திருக்கிறாராம். அதைச் சிங்கப்பூர் டாக்டர்மாருக்கு அனுப்பப் போகிறாராம்.

ஒரு மனிதர் அழுவதற்கு இடம் தேடி நம் வீட்டுக்குள் சுற்றியதை இன்றுதான் பார்த்தேன். கடைசியில் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

போகும்போது கேட்டார். "அக்கா, டாக்டர் ஒரு காயிதம் எழுதி உங்ககிட்ட குடுத்து வச்சிருக்கேன்னு சொன்னாரே?"

"தெரியலையே தம்பி" என்றேன்.

20-4-1936

நேற்று நான் சொன்னது பொய். கேட்காததை எழுதாதே என்றாய். நடந்ததை எழுதாமல் ஒளித்து வைக்கலாம் என்று நீ சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன்.

காகிதம் காய்ந்த மிளகாய் டின்னுக்குள் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு மறுநாள் அதைப் படித்துக் காட்டினாய். முதல் நாள் தண்ணீர்மலைப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். சனங்கள் நம்மைத் தாண்டி ஏறிப் போனார்கள். "சரி, முருகன் கீழே வரட்டும்" என்றாய். மறுநாள்தான் அந்தக் காகிதம். நீ செத்தால், எரிக்கும் முன்னால், உன் நெஞ்சை எடுத்துப் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது.

ஏன் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். சின்ன வயசில் மூட்டுக் காய்ச்சல் வந்தால் அது முட்டியை நக்கிவிட்டு நெஞ்சைக் கடிக்கும். குளிர் தேசத்தில் மட்டும்தான் அந்த நோய், நம் பக்கத்துச் சூட்டில் கிடையாது என்று புத்தகம் சொல்கிறது. பெரிய துரையும் உன்னிடம் அதைத்தான் சொன்னார். நீ இந்த ஊரில் மட்டும் முப்பத்தொரு பேரைக் கண்டுபிடித்து எழுதி வைத்தாய். அதில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். உடலைத் திறந்து பார்க்கக் கேட்டு ஒன்பது பேர் வீட்டிலும் போய் நின்றாய். தமிழனும் கொடுக்கவில்லை, சீனனும் கொடுக்கவில்லை, மலாய்க்காரனும் கொடுக்கவில்லை. "பிச்சைக்காரனுக்காவது பழைய சோறு கிடைக்கும்க்கா. என்னை வாசல்லயே விரட்டிட்டாங்க" என்று சிரித்தாய். அப்புறம் சிரிக்காமல் சொன்னாய். "ஊரான் வீட்டுப் பொணத்தைக் கேக்குறவன், முதல்ல தன்னோடதைக் குடுக்கணும்."

நான் கையெழுத்துப் போட்டேன். பெயரில் கு-வுக்குக் கீழே சுழி சரியாக வரவில்லை என்று நீ கேலி பண்ணினாய்.

மார்ச் பத்து, செவ்வாய். காலை ஏழு மணி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு காலுறை காலில், மற்றது கையில். "அக்கா" என்றாய். ஓடி வந்து உன்னைப் பாயில் சாய்த்து நெஞ்சில் கை வைத்தேன். பூனை நாலா பக்கமும் ஓடியது. பிறகு நின்றது. கையை நான் எடுக்கவில்லை. திரும்ப வரும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குச் சின்னையா மாமா வந்தார். அம்மாவின் தம்பி என்கிற உரிமையில் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். பதினொன்றரைக்குப் பெரிய துரையே வந்தார், சிட்டு. நம் வாசலில், வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கூட வந்த ஆபீஸ் கிராணி தமிழில் மாற்றிக் கேட்டார். "அம்மா, டாக்டர் ஏதாவது சொல்லிட்டுப் போனாரான்னு துரை கேக்குறார்."

காகிதம் என் இடுப்பில் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

கத்தியை நினைத்தேன்டா. என் உள்ளங்கை இருந்த அதே இடத்தில் கத்தி. அவ்வளவுதான். சாமியையோ சாத்திரத்தையோ நினைத்திருந்தால்கூட மனசுக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். மூன்று மணிக்கெல்லாம் பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒன்பது பேர் உன்னை வாசலில் விரட்டினார்கள். பத்தாவது ஆள் நான்.

3-5-1936

முதல் ஞாயிறு. கை கழுவவில்லை.

16-5-1936

பாசாரில் எனக்குப் பக்கத்துக் கடையில் தேங்காய் விற்கும் நூர் பீவி இன்றைக்கு என்னை விடவில்லை. மீன் மசாலா நாலு உருண்டை அரைப்பதற்குள் நான் இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன புள்ள, நீ கல்லை அரைக்கிறியா, கல்லு உன்னை அரைக்குதா?"

"ஒண்ணுமில்லக்கா. மனசு சரியில்ல."

"மனசு சரியில்லன்னா கண்ணுல தண்ணி வரும். உனக்கு மூச்சுல்ல வாங்குது! தம்பிதான் அரைக்க ஆள் போடு ஆள் போடுன்னு தலைபாடா அடிச்சிக்கிச்சே, கேட்டியா?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒன்பது வருஷமும் நீ அதையே சொன்னாய். நானும் ஒன்பது வருஷம் சண்டை போட்டேன். போன தீபாவளிக்கு முதல் நாள் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கிறதா? "டாக்டர் ஆனதும் அக்கா அம்மி அரைக்கிறது கேவலமாப் போச்சா? நாலு பேர் சிரிக்கிறாங்களா? இந்தக் கல்லுதான்டா உன்னைப் படிக்க வச்சது." தலையைக் குனிந்துகொண்டு முறுக்கைத் தின்றாய். கேவலம் என்றுதான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

7-6-1936

முதல் ஞாயிறு. ரசாக் வந்தார். பதிவுப் புத்தகம் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"உழைப்பு நல்ல உழைப்புன்னு எழுதியிருக்காங்கக்கா. ஆனா எல்லாமே வெளியே கேட்ட சத்தம்தானாம். உள்ளே ஒருத்தரையாவது திறந்து பார்க்காம ஒத்துக்க முடியாதாம்."

"ஒருத்தர் போதுமா?"

"டாக்டர் மாதிரி வருஷக்கணக்கா எழுதி வச்ச ஆளா இருந்தா, ஒருத்தர் போதும்தான்."

எழுந்து போய் மிளகாய் டின்னைத் திறந்தேன். காகிதத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்குத் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே படித்தார். கீழே என் கையெழுத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஒன்பது வீட்டுக்கும் டாக்டரோட நானும்தான்க்கா போனேன்" என்றார். "போயி போயி கேட்டேன். ஆனா எங்க வாப்பா மவுத்தா போனப்ப யாராவது வந்து கேட்டிருந்தா, நானே அடிச்சு விரட்டியிருப்பேன்."

காகிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

8-6-1936

உன் வேலை பாதியில் நிற்கிறது. நிறுத்தியவள் நான்.

18-7-1936

ஆடி அமாவாசை. ஜெலுத்தோங் கடலோரத்தில் சின்னையா மாமா உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சேற்றில் கால் புதைந்து, ஐயர் சொன்ன மந்திரத்தைவிட அதிகமாகச் சேற்றைத் திட்டினார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

கரையேறியதும் மாமாவிடம் சொல்லிவிட்டேன். காகிதம், கையெழுத்து, துரை கேட்டது, நான் இல்லை என்றது, எல்லாம்.

மாமா காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "நல்ல காரியம் பண்ணினே" என்றார். "நம்ம புள்ளை முழுசாப் போனான். போதும்லா."

"முழுசா எங்கே மாமா போனான்? அவன் எழுதினது பாதியில நிக்குதே."

"எழுதினது கிடக்கட்டும். எழுத்தா முக்கியம்?"

"அவனுக்கு வேற என்ன இருந்துச்சு? கல்யாணம் வேண்டாம்னான். புள்ளைகுட்டி இல்ல."

கல்யாணம் ஏன் வேண்டாம் என்றாய் என்பது மாமாவுக்கு இன்னும் தெரியாது. எனக்கு மட்டும்தான் சொன்னாய். "ஒரு பொண்ணைக் கூட்டிவந்து ரெண்டு வருஷத்துல உன்னை மாதிரி தாலி அறுத்து உட்காரவைக்கவாக்கா?" என்றாய். ஊரையே வாரிக்கொண்டு போன பெரிய காய்ச்சல் வருஷத்தில் என் புருஷன் போனபோது எனக்கு இருபத்தொன்று. அதை நீ பார்த்திருந்தாய்.

மாமா வீடு வரைக்கும் கூட வந்தார். வாசலில் நின்று, "அவன் உன்கிட்ட கேட்டான், உனக்குக் கை வரல. நான் பெத்திருந்தா எனக்கும் வந்திருக்காது. அழாதே" என்றார்.

2-8-1936

முதல் ஞாயிறு.

மத்தியானம் பாசாரிலிருந்து வந்து சாப்பிடாமல் பாயில் விழுந்தேன். நீ படுக்கிற பாய். நீ படுக்கிற மாதிரியே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்பது வருஷம் உன் நெஞ்சில் வைத்த கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

பூனை.

முதலில் பைத்தியம் என்று நினைத்தேன். கை இன்னும் உன்னையே தேடுகிறது, அதனால் இல்லாததெல்லாம் தெரிகிறது என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி படுத்து வைத்தேன். இருந்தது. உன்னுடையதைவிடச் சின்னது, ஆனால் அதே உறுமல்.

கேட்டதை எழுதுகிறேன். கேட்காததை எழுதவில்லை.

நமக்குக் காய்ச்சல் வந்த வருஷம் உனக்கு எட்டு வயசு, எனக்குப் பதினாலு. ஒரே பாயில் இரண்டு பேரும் முட்டி வீங்கிக் கிடந்தோம். அம்மா கடுகு அரைத்து இரண்டு பேருக்கும்தான் பற்றுப் போட்டாள். நான் முதலில் எழுந்தேன். அம்மாவுக்கு முடியாததால் அரைக்கிற கல்லுக்கு ஆள் வேண்டியிருந்தது. எழுந்துவிட்டேன், அதனால் எனக்குச் சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

6-9-1936

ரசாக்கை வரச் சொல்லியிருந்தேன். உன் ரப்பர் குழலைக் கையில் கொடுத்து, "கேளுங்க தம்பி" என்றேன். அவர் தயங்கினார். நூர் பீவி கூட இருந்தாள். "அட கேளுப்பா, நான்தான் காவலுக்கு உக்காந்திருக்கேன்ல" என்றாள்.

இடப்பக்கம் ஒருக்களித்தேன். ரொம்ப நேரம் கேட்டார். குழலை எடுத்த பிறகு அவருக்கு ஆச்சரியம் இல்லை. அதைத்தான் நான் பார்த்தேன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா தம்பி?"

"எனக்குத் தெரியாதுக்கா. ஒரு சந்தேகத்துலதான் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். இப்பப் புரியுது" என்றார். பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தார். அதில் யாருக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஒன்றாம் எண் நீ. அது அவருக்குத் தெரியும். இரண்டாம் எண்ணைத் தமிழில் படித்துச் சொன்னார். பெண். முப்பது வயது. விதவை. மசாலா அரைப்பவள். பதினாலாம் வயதில் மூட்டுக் காய்ச்சல். நீ எனக்குக் குழல் வைத்துக் காட்டிய அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

அதற்குக் கீழே ஒரு வரி. "நோயாளியிடம் சொல்லவில்லை. அவள் பாரம் ஏற்கெனவே அதிகம். கல் அரைப்பதை மட்டும் நிறுத்த வேண்டும்."

வருஷத்துக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். சளி பிடித்திருக்கிறதா பார்க்கிறேன் என்று என் முதுகில் குழல் வைப்பாயே, அந்தத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஒரே வரி. "அரைப்பதை நிறுத்தவில்லை." "இன்னும் அரைக்கிறாள்." கடைசியில், போன தீபாவளிக்கு மறுநாள் எழுதியது. "கேட்க மாட்டேன் என்கிறாள். என் தவறு. காரணத்தைச் சொல்லாமல் கேட்கச் சொல்கிறேன்."

அடப்பாவி. கேவலம் என்று நினைத்தேனேடா. முறுக்கைத் தின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாயே. நான் எவ்வளவு பேச்சுப் பேசினேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் காகிதத்தை மிளகாய்க்குள் ஒளித்தேன், நீ என்னையே எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தாய். நல்ல அக்கா தம்பி.

முதன்முதலில் குழல் வைத்த அன்றைக்கு உன் கண்ணில் வந்தது மிளகாய்த் தண்ணீர் இல்லையா?

8-9-1936

கல்லைத் தொடவில்லை. நூர் பீவி அவள் மருமகளை அரைக்க அனுப்பினாள். அவள் அரைப்பது ரவை மாதிரி இருக்கிறது. வாங்கினவர்கள் திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

4-10-1936

முடிவு பண்ணிவிட்டேன். மாமாவிடம் சொன்னேன்.

"இந்தக் குடும்பத்துக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒருத்தனை முழுசா அனுப்பிட்டு இப்போ நீ..." கத்தினார். தோளில் கிடந்த துண்டை உதறினார், போட்டார், மறுபடி உதறினார்.

"என்னோடதுதானே மாமா. இதை நான் குடுக்கலாம்ல?"

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "வலிக்காதுல்ல?"

"செத்த பிறகு எப்படி மாமா வலிக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் செத்தா பாத்தேன்?"

12-10-1936, திங்கள்

ரசாக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நூர் பீவியும் வந்தாள். வழியெல்லாம் ரிக்‌ஷாவில் என்னைத் திட்டினாள். அல்லா கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்காமல் இடையில் யாருக்குக் காட்டப் போகிறாய் என்றாள். உள்ளே போனதும், "சாட்சிக் கைநாட்டு எங்கே வைக்கணும்?" என்று முதலில் கேட்டதும் அவள்தான்.

பெரிய துரை முதலில் உன் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதன் தேதியைப் பார்த்தார். அன்று நம் வாசலில் தொப்பியோடு நின்றது அவருக்கும் நினைவு வந்திருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் மறுபடி "ஒண்ணும் இல்லைங்க" என்று வாய் சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது.

என் நெஞ்சுக்கு எழுதிய புதுக் காகிதத்தை ரசாக் படித்துச் சொன்னார். வீட்டார் யார் தடுத்தாலும் இதுவே என் கடைசி வார்த்தை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மாமா நல்லவர்தான். ஆனால் நான் போகிற அன்று அவருக்கும் கை வராது.

கையெழுத்துப் போட்டேன். கு-வுக்குச் சுழி சரியாக வந்தது. துரை எழுந்து நின்று, பாசார் மலாயில், "தெரிமா காசே" என்று நன்றி சொன்னார். உன்னிடம் இந்த ஊரில் அந்த நோய் கிடையாது என்று சொன்ன அதே வாய்.

1-11-1936, ஞாயிறு

சிட்டு,

முதல் ஞாயிறு. கையை மூன்று தரம் கழுவினேன். ரசாக் கேட்டுச் சொன்னார், நான் எழுதுகிறேன். உன் நோட்டிலேயே, இத்தனை நாள் உனக்கு எழுதியதற்கு அடுத்த பக்கத்தில்.

இரண்டாம் எண். பெண். வயது முப்பத்தொன்பது. இடப்பக்கம் ஒருக்களித்துக் கேட்டது. பூனை இருக்கிறது. தாளம் தப்பவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கல் அரைப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு உன் நாற்காலியைப் பார்த்தேன்.

இனி மாதா மாதம் எழுதுவோம். என் நாள் வரும்வரைக்கும். அதற்குப் பிறகு அவர்கள் திறந்து பார்த்து, நீ எழுதினது சரி என்று சொல்லட்டும்.

உன்னுடையதைக் கேட்டாய், நெருப்புக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே பாயில் கிடந்து ஒரே காய்ச்சல் கடித்த நெஞ்சுதான் இதுவும். என்னுடையது ஆகுமாடா?